கீழ் என்று எழுதிய போர்டு

அறிவுமதி எழுத்துக் கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல. ஆலங்குடி தாலுகா ஆபீசுக்கு எதிரே அவள் அப்பா முனியசாமி வைத்திருந்த ரப்பர் ஸ்டாம்ப் கடையில்தான். அங்கே ஒரு மரப்பெட்டியில் ஈய எழுத்துகள் அறை அறையாகக் கிடக்கும். ஸ்டாம்ப்புக்கு உண்டான எழுத்து எப்போதும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத் திரும்பித்தான் இருக்கும். மை தொட்டுக் காகிதத்தில் அழுத்தினால்தான் நேராக விழும். நாலு வயதில் அந்தப் பெட்டிக்கு முன் உட்கார்ந்து, 'அ' எடு என்றால் 'அ', 'மா' எடு என்றால் 'மா' என்று தப்பாமல் எடுத்துக் கொடுப்பாள்.

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம் சிலேட்டில் 'அம்மா' என்று எழுதினாள். மூன்று எழுத்தும் பிசிறில்லாமல் இருந்தன. ஆனால் மூன்றும் திரும்பியிருந்தன. செங்கமலம் டீச்சர் அந்தச் சிலேட்டை எடுத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்துவிட்டார்.

"ஒங்க பிள்ளைக்கு நல்லா எழுத வருதுங்க. எனக்குத்தான் கண்ணாடி இல்லாம படிக்க வரல" என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பெயர்கள் வழக்கத்துக்கு வந்தன. நேராக எழுதினால் பள்ளிக்கூட எழுத்து, திரும்பியிருந்தால் கடை எழுத்து. ஆடி முடிவதற்குள் அவளுக்குப் பள்ளிக்கூட எழுத்தும் பிடிபட்டுவிட்டது. கடை எழுத்து மறக்கவுமில்லை. எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அவள் கண்ணுக்கு எழுத்து எழுத்துதான். அதை யாரும் ஒரு பெருமையாகவும் நினைக்கவில்லை, குறையாகவும் நினைக்கவில்லை.

அண்ணன் சேரன் பத்தாவதோடு நின்று கடையில் உட்கார்ந்தான். அவள் புதுக்கோட்டையில் பாலிடெக்னிக் முடித்தாள். எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் அந்த வருஷம் பெண்கள் ஏழு பேர், அவளுக்கு இரண்டாவது இடம். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, ஆவணி மாதம், அங்கேயே திருச்சி ரோட்டில் இருந்த ஆத்மநாதன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஆத்மநாதன் போர்வெல் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் செய்கிறவர். செல்போனிலிருந்து போடவும் நிறுத்தவும் முடிகிற ஸ்டார்ட்டர். கீரமங்கலத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் துபாயில் இருந்துகொண்டே தோப்புக்குத் தண்ணீர் விடலாம். அந்தப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு இருக்கும். மேல் பக்கம் சாமான்கள், கீழ்ப் பக்கம் அவற்றை ஒன்றோடொன்று சேர்க்கிற செம்புத் தடங்கள். எந்தத் தடம் எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைவதுதான் அறிவுமதியின் வேலை. வரைந்த ஃபைலை குஜராத்தில் உள்ள ஒரு ஃபேக்டரிக்கு அனுப்பினால் அங்கே போர்டாகச் செய்து அனுப்புவார்கள். சாமான்களைப் பொருத்திப் பற்ற வைப்பது இங்கே.

பத்தொன்பது வருஷத்தில் அவள் வரைந்த போர்டுகள் நூற்று முப்பத்தேழு. ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஒவ்வொரு போர்டுக்கும் அவள் நீளநோட்டில் பதினொரு வரி எழுதிக்கொள்வாள். துளை, ஓரம், இடைவெளி என்று போய்ப் பதினொன்றாவது வரியில் 'எழுத்து' என்று முடியும். சரிபார்த்ததும் நேரம் எழுதி டிக் போடுவாள். ஆத்மநாதன் புதிதாக வருகிறவர்களிடம் அந்த நோட்டைக் காட்டுவார்.

அந்தப் பதினொன்றாவது வரி எதற்கு என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். செம்பு ஒரு பக்கம் மட்டும் உள்ள போர்டில், தடத்தின் படத்தை மட்டும் பார்த்து அது மேலிருந்து பார்த்து வரைந்ததா, கீழிருந்து பார்த்து வரைந்ததா என்று சொல்ல முடியாது. தப்பான பக்கமாக எடுத்துக்கொண்டால் போர்டு முழுக்கக் கண்ணாடிப் பிம்பமாகப் போய்விடும். துளைகளும் கூடவே திரும்பிவிடுவதால் பார்வைக்கு ஒரு கோளாறும் தெரியாது. அதனால் செம்பிலேயே ஒரு சொல்லை எழுதி வைப்பது வழக்கம். போர்டைக் கவிழ்த்துப் பார்க்கும்போது அந்தச் சொல் நேராக இருந்தால் போர்டு சரி.

முன்பெல்லாம் அவள் அங்கே இங்கிலீஷில் பி-ஓ-டி என்று மூன்றெழுத்து வைத்தாள். பற்றவைக்கும் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வைஷ்ணவி ஒரு நாள், "அதென்னக்கா பாட்டு பாட்டுன்னு எல்லாத்துலயும் போட்டிருக்கீங்க, ஒரு தடவயாச்சும் பாடிக் காட்டுங்க" என்றாள். பாட்டம் என்பதன் சுருக்கம், கீழ்ப் பக்கம் என்று அர்த்தம் என்றாள் அறிவுமதி. அப்படியானால் கீழ் என்றே எழுதினால் என்ன என்று கேட்டாள் வைஷ்ணவி. நியாயமாகத்தான் பட்டது. நாலு வருஷமாக அந்தக் கம்பெனிப் போர்டுகளின் செம்பில் தமிழில் 'கீழ்' என்றுதான் இருக்கிறது.

இந்தத் தொழிலில் உலகம் முழுக்க ஒரு தீராத தகராறு உண்டு. வரைகிறவர் வைத்திருப்பது ஒரு சாஃப்ட்வேர், செய்கிறவர் வைத்திருப்பது இன்னொன்று. ஒன்று எழுதியதை மற்றது படிக்க ஒரு பொது முறை வேண்டும். ஆனால் அந்தப் பொது முறையே பல. கெர்பர் என்பது பழைய முறை. ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனிப் படம். பழைய கெர்பர் ஃபைல் எந்தப் பக்கம் என்று தானாகச் சொல்லாது. ஓ.டி.பி. என்பது எல்லா விவரத்தையும் ஒரே கட்டாகக் கட்டித் தருவது, ஆனால் ஒரு கம்பெனிக்குச் சொந்தமானது. பல கம்பெனிகள் கூடிப் பொதுவாகச் செய்தது ஐ.பி.சி. ஒவ்வொரு கட்சியும் தன் முறைதான் முறை என்கிறது. மூன்று சந்தைக்கு மூன்று மரக்கால் என்கிற கதைதான். பக்கத்தைத் தானே சொல்லுகிற முறைக்கு மாறலாம் என்று அறிவுமதி இரண்டு தடவை எழுதியே கொடுத்தாள். ஆத்மநாதன், பழையது என்றால் எவனும் வாங்கிக்கொள்வான், விடும்மா என்று சொல்லிவிட்டார்.

போன ஆனியில் பழைய சாஃப்ட்வேரின் உரிமம் முடிந்தது. வேறொன்று வாங்கினார்கள். ஃபைல் எடுத்து அனுப்பும் பொறுப்பு திருமுருகனுக்கு வந்தது. அவர் அறந்தாங்கிக்காரர். பதினோரு வருஷம் குவைத்தில் இருந்தவர். அங்கே வேலை போய் ஊருக்கு வந்து, ஒன்றரை வருஷம் சும்மா இருந்த பிறகு இந்த இடம் கிடைத்தது. பழைய சாஃப்ட்வேரின் வழக்கம் செம்பை மேலிருந்து பார்த்த மாதிரி எழுதுவது. புதியதின் வழக்கம் கீழிருந்து பார்த்த மாதிரி. அது அவருக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஃபைலும் சொல்லவில்லை.

குஜராத்தில் இருந்தவர் எப்போதும்போல் படத்தை ஒரு தடவை திருப்பிப் போட்டார். திருப்பத் தேவையில்லாத படம் அப்படிக் கண்ணாடிப் பிம்பமாகிவிட்டது. இங்கிலீஷ் எழுத்தாக இருந்திருந்தால் திரும்பியிருப்பது அவர் கண்ணிலேயே உறுத்தியிருக்கும். தமிழ் எழுத்தில் எது நேர், எது திரும்பியது என்று அவர் என்ன கண்டார்? ஆனாலும் நல்ல வேலைக்காரர். போர்டைக் கவிழ்த்தால் செம்புப் பக்கம் இப்படித்தான் தெரியும், சரியா என்று கேட்டு ஒரு படம் அனுப்பினார். ஆபீசின் பொது மெயிலுக்கு வந்தது. பொது மெயிலிலிருந்து, சரி, செய்யலாம் என்று பதில் போனது. பதிலில் யார் பெயரும் இல்லை.

அறுநூறு போர்டு வந்தது. முதலில் பத்துக்குச் சாமான் ஏற்றினார்கள். பத்தும் வேலை செய்யவில்லை. ஐசி சில்லு தொட முடியாமல் கொதித்தது. அறிவுமதி மீட்டரை வைத்து ஒவ்வொரு தடமாகத் தேடிக்கொண்டிருந்தபோது வைஷ்ணவி ஒரு வெற்றுப் போர்டைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"அக்கா, இந்தக் கீழ் ஏன் கண்ணாடில பாக்குற மாதிரி இருக்கு?"

அறிவுமதி வாங்கிப் பார்த்தாள். கீழ் என்று இருந்தது. என்ன கேட்கிறாள் இவள் என்று நினைத்தாள். மறுபடி பார்த்தபோதுதான் எழுத்து திரும்பியிருப்பது தெரிந்தது. முதல் பார்வையில் அது தெரியவே இல்லை. ஏன் என்று அப்போது புரியவில்லை.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஆத்மநாதன் எல்லாரையும் கூப்பிட்டார். ஃபேக்டரிக்காரர்கள் தாங்கள் கேட்டதையும் இங்கிருந்து போன பதிலையும் அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார்கள். பொது மெயிலைத் திறக்கிறவர்கள் இரண்டே பேர், திருமுருகனும் அறிவுமதியும். பதில் யார் போட்டது என்று அவர் கேட்கவே இல்லை. நேரே திருமுருகனைப் பார்த்தார்.

"அறிவு பாத்திருந்தா இது தாண்டியிருக்காதுய்யா. பச்சப் புள்ள பாத்தாக்கூடத் தெரியும், எழுத்து திரும்பியிருக்குன்னு. கண்ண எங்கிட்டு வச்சிருந்த?"

திருமுருகன் யோசித்துப் பார்த்தார். அந்த வாரம் இதே மாதிரி நாலைந்து படம் வந்தது, தான்தான் அவசரத்தில் அனுப்பியிருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். மாதம் முடிந்ததும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார் ஆத்மநாதன். திருமுருகன் சரிங்க சார் என்றார்.

அறிவுமதி வாயைத் திறக்கவில்லை. பயந்து அல்ல. அந்தப் படத்தைப் பார்த்த மாதிரி ஒரு ஞாபகம் இருந்தது. ஆனால் தான் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்றும் இருந்தது. பத்தொன்பது வருஷப் பழக்கம் அவளை அவளிடமே நல்லவளாகக் காட்டியது.

ஐந்தரை ஆலங்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நோட்டை எடுத்துப் பக்கம் தள்ளினாள். வியாழக்கிழமை. மணி 3.40. குஜராத் படம். பதினொன்றாவது வரி, எழுத்து. அதற்கு நேரே அவள் போட்ட டிக். வால் நீண்ட டிக், வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. திருவரங்குளம் தாண்டும் வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்திருக்கிறாள். பார்த்தும் தெரியவில்லை. அது எப்படி?

வீட்டுக்குப் போகாமல் கடைக்குப் போனாள். இப்போது அங்கே ஈய எழுத்து கிடையாது, எல்லாம் மெஷின். சேரன் ஒரு கூட்டுறவு சங்கத்துக்கு ஸ்டாம்ப் செய்து பிடி ஒட்டிக்கொண்டிருந்தான். அவள் பையிலிருந்து போர்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இதில் அறுநூறு கெட்டுப்போச்சுண்ணே என்றாள்.

சேரன் கவிழ்த்துப் பார்த்தான். 'கீழ்' என்ற எழுத்தில் ஈயம் ஏறி லேசாக மேடு தட்டியிருந்தது. கைப்பழக்கம், போர்டை மைப் பெட்டியில் ஒரு ஒற்று ஒற்றி, ரசீதின் பின்பக்கத்தில் அழுத்தினான். ஊதா நிறத்தில் கீழ் என்று விழுந்தது. நேராக, பள்ளிக்கூட எழுத்தில்.

"நல்லாத்தானே விழுந்திருக்கு" என்றான். "இதுல என்ன கெட்டுப் போச்சுங்கிற?"

அறிவுமதி அந்தக் காகிதத்தையும் அவன் கையில் இருந்த போர்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். திரும்பியிருப்பதுதான் சரி என்று வளர்ந்த கண் அவளுக்கு. படத்தில் வந்த 'கீழ்' கடை எழுத்தில் இருந்தது. அவள் படித்தாள், படிக்க முடிந்தது, டிக் போட்டாள். வேறு யார் பார்த்திருந்தாலும் அந்த இடத்தில் தட்டியிருக்கும். அவளுக்குத்தான் தட்டாது. உலகத்திலேயே அந்த வரியைச் சரிபார்க்கத் தகுதி இல்லாத ஆளிடம் அந்த வரி இத்தனை வருஷம் இருந்திருக்கிறது.

எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் அப்போது சொன்னது நல்ல பேச்சல்ல. ஆனாலும் சொன்னான்.

"நீ வாயத் தொறக்காட்டி யாருக்குத் தெரியப் போவுது? அந்தாளே ஒத்துக்கிட்டாருல்ல. பத்தொம்பது வருசமாச் சேத்த பேரு ஆத்தா."

"அவரு பொய்யா ஒத்துக்கலண்ணே" என்றாள். "தான்தான் செஞ்சோம்னு நம்பிட்டாரு. இனிமே எந்தப் படத்தப் பாத்தாலும் அவரு கண்ண அவரே நம்ப மாட்டாரு."

சேரன் ஊதா எழுத்து விழுந்த ரசீதை மடித்து அவள் நோட்டுக்குள் வைத்தான்.

மறுநாள் புதன்கிழமை. எட்டேகால் பஸ்ஸைப் பிடித்துப் போய், ஆத்மநாதன் வந்ததும் அவர் அறைக்குள் போனாள். திருமுருகனையும் கூப்பிடச் சொன்னாள். நோட்டைப் பிரித்து வைத்தாள். படத்தைப் பார்த்ததும் பதில் போட்டதும் தான்தான் என்றாள். திரும்பிய எழுத்து தனக்குத் திரும்பியதாகத் தெரியாது என்றாள்.

ஆத்மநாதன் நம்பவில்லை. குடும்பஸ்தன் வேலை போகிறதே என்று இரக்கப்பட்டு இவள் பழியைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள் என்றுதான் நினைத்தார். அப்படிச் சொல்லவும் செய்தார். சோதித்துப் பாருங்க சார் என்றாள்.

சுவரில் தொங்கிய தினசரி காலண்டரிலிருந்து அன்றைய தாளைக் கிழித்தார். அச்சடித்த பக்கத்தை ஜன்னல் கண்ணாடியோடு சேர்த்து வைத்து, வெள்ளைப் பக்கம் அறைக்குள் தெரிகிற மாதிரிப் பிடித்தார். வெளியில் நல்ல வெயில். தாளுக்குள்ளிருந்து எழுத்தெல்லாம் திரும்பித் தெரிந்தது. ஆத்மநாதன் தானே படிக்கப் பார்த்து 'புதன்' என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் நெற்றியைச் சுருக்கினார்.

அறிவுமதி நின்ற இடத்திலிருந்தே படித்தாள். ராகுகாலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை. எமகண்டம் ஏழரை முதல் ஒன்பது. சூலம் வடக்கு, பரிகாரம் பால். அடியில் பொடி எழுத்தில் இருந்த காலண்டர் கடையின் முகவரியையும், போன் நம்பரையும் படித்தாள். எங்கேயும் நிற்கவில்லை. தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது. ஒவ்வொரு வரிக்கும் ஆத்மநாதன் முகம் மாறிக்கொண்டு வந்ததை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் கடைசி வரை படித்தாள்.

அவர் தாளை இறக்கினார். திருமுருகன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத ஏம்மா இத்தன வருசமாச் சொல்லல?"

"யாரும் கேக்கலைங்க சார். எனக்கும் இது ஒரு விசயம்னு படல."

பிறகு ஆத்மநாதன் திருமுருகனிடம், நீ போய் வேலையப் பாருய்யா என்றார். அந்த 'வேலையைப் பார்' என்பதில் எல்லாம் அடங்கியிருந்தது. திருமுருகன் கதவருகே நின்று அறிவுமதியிடம் ஏதோ சொல்ல வந்தார். மேடம் என்பதோடு நின்றுவிட்டது. இப்போதும் அவர் அங்கேதான் இருக்கிறார்.

அறுநூறு போர்டும் கழிவுக்குப் போனது. இலுப்பூர்ப் பக்கம் ஸ்டார்ட்டருக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் ஐந்து வாரம் காத்திருந்தார்கள். அவர்களுக்கு அறிவுமதியே ஒவ்வொருவராகப் போன் போட்டுத் தன் தப்பு என்று சொன்னாள். தனியாகக் கடைசி ஒப்புதல் கொடுக்கிற உரிமையை ஆத்மநாதன் அவளிடமிருந்து எடுத்துவிட்டார். அவர் எடுக்காவிட்டாலும் அவளே கேட்டிருப்பாள். ஆனாலும் எடுத்தது எடுத்ததுதான். புதிதாக வருகிறவர்களிடம் அந்த நோட்டை அவர் இப்போது காட்டுவதில்லை.

ஃபைல் விஷயத்தில் அவள் விடவில்லை. மூன்று வாரம் குஜராத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அவள் ஐ.பி.சி. கேட்டாள். தங்களிடம் இருப்பது ஓ.டி.பி.தான் என்றார்கள் அவர்கள். இங்கே வாங்கிய சாஃப்ட்வேரில் அது வராது. கடைசியில் கெர்பரிலேயே புதிய வகை ஒன்று இருக்கிறது, ஃபைலின் தலைப்பிலேயே இது எந்தப் பக்கத்துச் செம்பு என்று சொல்லிவிடும், அதற்கு இருவரும் ஒத்துக்கொண்டார்கள். செம்பில் 'கீழ்' இருக்கிறது, பக்கத்தில் பழைய மூன்று இங்கிலீஷ் எழுத்தும் இருக்கிறது. ஒன்று இங்குள்ள கண்ணுக்கு, ஒன்று அங்குள்ள கண்ணுக்கு.

இன்னொரு விதியை அவளே எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஃபேக்டரியிலிருந்து வரும் படத்தைக் கடை எழுத்துத் தெரியாத ஒருவர் படிக்க வேண்டும். கடை எழுத்து என்றால் என்ன என்று ஆபீசில் எல்லாரும் கேட்டார்கள். எல்லாருக்கும் சொன்னாள்.

புது விதிக்குப் பிறகு வந்த முதல் படம் ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வந்தது. அவள் பத்து வரியைப் பார்த்து நேரம் எழுதி டிக் போட்டாள். பதினொன்றாவது வரிக்கு வந்ததும் எழுந்துபோய் வைஷ்ணவியைக் கூட்டி வந்தாள். வைஷ்ணவி கையைத் துடைத்துக்கொண்டு திரையைக் குனிந்து பார்த்தாள்.

"கீழ்" என்றாள். "நேராத்தான்க்கா இருக்கு."

அறிவுமதியும் பார்த்தாள். அவளுக்கும் கீழ் என்றுதான் தெரிந்தது. அது நேராக இருப்பதாகவும் தோன்றியது. அந்தத் தோற்றத்தை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நோட்டைத் திருப்பி வைத்துப் பேனாவை வைஷ்ணவியிடம் நீட்டினாள். வைஷ்ணவி தயங்கி, கோடு தாண்டாமல் சின்னதாக ஒரு டிக் போட்டாள்.

பதில் மெயிலில் சரி, செய்யலாம் என்று எழுதிவிட்டு, அதன் கீழே எழுத்தைப் படித்தவர் வைஷ்ணவி என்று அடித்தாள். அடுத்த வரியில், மற்ற பத்தும் பார்த்தவர் அறிவுமதி என்று தன் பெயரையும் அடித்து அனுப்பினாள்.